கதவைத் திறந்த கை: யாஷிகா கேமராவில் 35 மி.மீ. பிலிம் போட்ட ஒரு நிகழ்வின் ஆய்வு

இந்த நிகழ்வில் வரும் தாத்தாவும் பேத்தியும் இதை எழுதச் சம்மதம் தந்தவர்கள். பெயர்களையும் புளோக் எண்ணையும் தவிர்த்திருக்கிறேன். அகலமான 120 பிலிமுக்கான பழைய கேமராவில் ஒடுங்கிய 35 மி.மீ. பிலிம் போடுவது எப்படி என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும், சிறிய கேசட்டைப் பெரிய அறையில் பொருத்த உதவும் இணைப்புத் துண்டைப் பற்றியே கேட்கிறார்கள். என்ன அளவு, எங்கே அச்சிடுவது, எந்தக் கேமராவுக்குப் பொருந்தும் என்பதே அவர்கள் கவலை. எங்கள் இணைப்புத் துண்டு ஒழுங்காகவே வேலை செய்தது. இழப்பு வேறு வழியில் வந்தது. முன்கூட்டியே அது எங்களுக்கு அறிகுறி காட்டியும் இருந்தது.

பின்னணி

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் மாதம் ஒருமுறை கூடும் பிலிம் புகைப்படக் குழுவில் நான் தொண்டூழியர். கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவக் கற்றுத் தருவது என் பொறுப்பு. பேத்தி அந்தக் குழுவுக்கு வந்தவள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தாத்தா கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 76.

கேமரா தாத்தாவுடையது. 1971-இல் உடன் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கிய யாஷிகா ஏ. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு லென்ஸ் உள்ள கேமரா. இடுப்பளவில் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். ஒளி அளக்கும் மீட்டர் கிடையாது. ஷட்டர் வேகம் 1/25, 1/50, 1/100, 1/300, அத்துடன் விரல் எடுக்கும்வரை திறந்திருக்கும் ‘பி’ நிலை, அவ்வளவுதான். பிலிமை நகர்த்த ஒரு குமிழ். எத்தனையாவது படம் என்று பார்க்கக் கதவில் ஒரு சிவப்புச் சன்னல். இந்த வரிசையில் வந்த பிற்காலக் கேமராக்களில் குமிழ் ஒரு படத்துக்குரிய தூரம் நகர்ந்ததும் தானாக நின்றுவிடும். இதில் நிற்காது. எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஷட்டரை இழுத்துவிடலாம். வேறு வகைப் பிலிமைப் போட்டுப் பார்க்க இதைவிட இணக்கமான கேமரா அமையாது என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

தாத்தா குடும்பம் 1976-இல் குடியேறிய மூவறை வீடு, பழைய புளோக்குகளை இடித்துக் குடியிருப்பாளர்களுக்கு வேறு வீடு தந்த ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் வந்தது. பக்கத்துப் பேட்டையில் புதிய வீடு தயாராகிவிட்டது. பழைய வீட்டின் சாவியை ஒப்படைக்க ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது. பாட்டி மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசல் தரையில் அவர் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்து வைத்த கோலத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அந்த வீட்டை அந்தக் கேமராவாலேயே படம் எடுத்து வைக்க வேண்டும் என்பது பேத்தியின் ஆசை.

35 மி.மீ. ஏன்

120 பிலிமை கோடாக் நிறுவனம் 1901-இல் கொண்டு வந்தது. பிலிமின் பின்னால் முழு நீளத்துக்கும் கறுப்புத் தாள் இருக்கும்; தாளின் முதுகில் எண்கள் அச்சாகியிருக்கும்; அந்த எண்ணைத்தான் சிவப்புச் சன்னல் காட்டுகிறது. பகல் வெளிச்சத்தில் போடலாம், பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம். தாள்தான் காவல். 35 மி.மீ. கேசட் 1934-இல் வந்தது. இதில் தாள் கிடையாது. கேசட்டின் வெல்வெட் வாய்தான் காவல். எடுத்து முடித்ததும் பிலிமைத் திரும்பவும் கேசட்டுக்குள் சுற்றிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். 120 கேமராவில் அப்படித் திரும்பச் சுற்ற வழியே இல்லை.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. ரோலைஃபிளெக்ஸ் கேமராவுக்கு ரோலைகின் என்ற இணைப்பு இருந்தது. யாஷிகா நிறுவனமே 1958-இல் 635 என்ற கேமராவை வெளியிட்டது. 6×6-உம் (120 பிலிமில் விழும் ஏறத்தாழ 6 செ.மீ. சதுரப் படம்) 35-உம் இரண்டும் எடுக்கலாம் என்பதுதான் பெயரின் பொருள். அந்தத் தொழிற்சாலை இணைப்புகளில் படத்தை 24×36 மி.மீ. அளவுக்குக் குறுக்கும் சட்டமும், திரும்பச் சுற்றும் ஏற்பாடும் சேர்ந்தே இருந்தன. இன்று பலரும் அச்சிட்டுக்கொள்ளும் துண்டுகளில் திரும்பச் சுற்றும் ஏற்பாடு இல்லை. எங்களுடையதிலும் இல்லை.

பேத்தி அந்தச் சட்டத்தை வேண்டுமென்றே விட்டுவிட விரும்பினாள். யாஷிகா ஏ கேமராவில் பிலிம் கீழிருந்து மேலே ஓடுகிறது. படச் சட்டம் 56 மி.மீ. சதுரம். அதற்குள் 35 மி.மீ. பிலிமைச் செங்குத்தாக ஓடவிட்டால், ஓரத்துளைகளின்மீதும் படம் பதிந்து, 35×56 என்ற ஒடுங்கி உயர்ந்த படம் கிடைக்கும். துளைகளுக்கு நடுவே மட்டும் எடுத்துக்கொண்டால் 24×56. பன்னிரண்டு மாடிப் புளோக், மின்தூக்கி வாசல், நீண்டு ஒடுங்கும் தாழ்வாரம் எல்லாவற்றுக்கும் இந்த வடிவம் பொருந்தும் என்று அவள் நினைத்தது சரிதான். அகலப் படம் வேண்டுமானால் கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அப்போது கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

இன்னும் இரண்டு காரணங்கள் சொன்னாள். 120 சுருளில் 12 படம். 36 படத்துக்கான 35 மி.மீ. சுருளை இப்படிப் போட்டால் 20-க்கு மேல் வரும். பிறந்தநாளுக்குக் கிடைத்த இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் 400 கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஐந்து கையில் இருந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 120 பிலிமில் சதுரமாக எடுத்து, இருபுறமும் வெட்டிவிட்டாலும் இதே 24×56 கிடைக்கும். அதே லென்ஸ், அதே உயரம், அதே கூர்மை. எச்பி5 இரண்டு அளவிலும் விற்கிறது. ஓரத்துளைகளின்மீது படம் வழிவதையும், எண்ணிக்கை கூடுவதையும் தவிர 35 மி.மீ. பிலிம் இங்கே கூடுதலாக எதையும் தருவதில்லை. இதை முதல் சந்திப்பிலேயே அவளிடம் சொன்னேன். ஆனால் ஒரு தகவலாகச் சொன்னேனே தவிர, “கடைசி நாளுக்கு 120 போடு” என்று அழுத்திச் சொல்லவில்லை. அவளுடைய உற்சாகம் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் சுருள்

இணைப்புத் துண்டுகளைக் கல்லூரியின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அவளே அச்சிட்டாள். 120 உருளை 35 மி.மீ. கேசட்டைவிட நீளம், இருபுறமும் ஏறத்தாழ ஒன்பது மி.மீ. வீதம் நிரப்ப வேண்டும். கேசட்டின் குறுக்களவும் 120 உருளை விளிம்பின் குறுக்களவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அறைக்குள் சிரமமில்லாமல் உட்கார்ந்தது. பிலிமை ஏற்கும் மேல் உருளைக்கு ஒரு காலி 120 உருளை போதும், ஆனால் அதன் பிளவு அகலமானது. ஒடுங்கிய பிலிம் அதில் ஒருபக்கமாக நழுவும். நழுவினால் படம் சாயும், ஓரம் மடங்கும். அதைத் தடுக்க உருளையில் இரண்டு வளையங்களைச் செருகி, பிலிம் நடுவிலேயே ஏறும்படி செய்தாள். நுணுக்கமான வேலை. நான் கை வைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவும் பேத்தியும் சிராங்கூன் சாலைக்குப் போனார்கள். ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் கோபுரம், தேக்காச் சந்தை மாடிப்படி, கேம்பல் லேன் பூக்கடைகள். வெயிலில் லென்ஸ் துளை எஃப்/16 (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் 1/300; நிழலில் எஃப்/11, 1/100. பேத்தி அளவு சொல்ல, தாத்தாதான் குமிழைச் சுற்றினார். அவர் கேமரா அது. வேறு யாராவது சுற்றினால் அவருக்குக் கை பரபரத்தது என்று அவள் பிறகு சொன்னாள். சுருள் முடிந்ததும் கேமராவை அப்படியே என்னிடம் கொண்டுவந்தாள். வெளிச்சம் புகாத இருட்டுப் பைக்குள் கேமராவை வைத்து, கையை விட்டு நான் கதவைத் திறந்து பிலிமை எடுத்தேன். தாத்தா அப்போது அங்கில்லை.

கழுவியதும் இரண்டு குறைகள் தெரிந்தன.

ஒன்று, இடைவெளி. ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றேகால் சுற்று என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். முதல் ஐந்தாறு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. கடைசிப் படங்களுக்கு நடுவே விரல் அகலத்துக்கும் மேல் வெற்றிடம்.

மற்றொன்று, பிலிமின் நடுக்கோட்டில் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வட்டமான கறுப்புத் திட்டுகள். நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகும்; இது சிவப்புச் சன்னல் வழியே வந்த வெளிச்சம். அந்தச் சன்னலுக்கு ஒரு மூடி உண்டு. அதை மூடித்தான் பேத்தி கேமராவைக் கொடுத்திருந்தாள். கேட்டபோது தாத்தா மறைக்கவில்லை. “எண் தெரியவில்லையே தம்பி. ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. சரி, எண்ணில்லாத சுருள் போலிருக்கிறது என்று மூடிவிட்டேன்” என்றார். தாள் இருந்தால் சன்னலைத் திறப்பதில் தவறில்லை. தாள் இல்லாதபோது சன்னலுக்கு நேர் பின்னால் இருப்பது வெறும் பிலிம். எச்பி5 போன்ற பிலிம் சிவப்பு வெளிச்சத்தையும் உணரக்கூடியது.

நாங்கள் எடுத்த முடிவு: சன்னலின்மேல் உள்ளும் புறமும் கறுப்பு நாடா ஒட்டிவிட்டோம். வெளிச்சம் வந்த ஓட்டை அடைபட்டது. ஐம்பது ஆண்டுகளாக அந்தச் சன்னலைத் திறந்து மூடிய கை அந்தக் கேமராவை இன்னமும் 120 கேமராவாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. இந்த நிகழ்வில் நான் மிகவும் வருந்துவது அந்த நாளுக்காகத்தான். தாத்தாவை உட்கார வைத்து, கதவைத் திறந்து காட்டி, “இதில் தாள் இல்லை, இது வேறு” என்று ஐந்து நிமிடம் விளக்கியிருக்கலாம். நாடா ஒட்டினேன், பேத்தியிடம் மட்டும் விளக்கினேன்.

இரண்டாம் சுருள்

இடைவெளிக் குறையை முறையாகவே தீர்த்தோம். கெட்டுப்போன முதல் சுருளையே திரும்பப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிலிமில் 62 மி.மீ.-க்கு ஒரு கோடு போட்டுக் குமிழை எண்ணினோம். 56 மி.மீ. படத்துக்கு, ஆறு மி.மீ. இடைவெளிக்கு. உருளையில் பிலிம் ஏற ஏற அதன் பருமன் கூடுகிறது. ஒரு சுற்றுக்கு இழுபடும் நீளமும் கூடுகிறது. எனவே ஒரே எண்ணிக்கை எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. பழைய 120 சுருளின் கறுப்புத் தாளில் ஒரு முழம் போல வெட்டி, பிலிமின் தலைப்பில் ஒட்டி, அதை முதலில் உருளையில் ஏற்றினோம். இரண்டு பயன்: அகலமான தாள் உருளையை நேராகப் பிடித்தது, தொடக்கப் பருமனும் கூடியது. இப்படிச் செய்தபின் முதல் படத்துக்கு ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல், பத்தாவது படத்துக்கு ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு, இருபதாவது படத்துக்கு ஒரு சுற்று என்று வந்தது. குமிழில் வெள்ளைப் புள்ளி ஒன்றை வைத்து, படத்துக்குப் படம் எத்தனை சுற்று என்ற அட்டவணையைத் தோல் உறையின் உட்புறம் ஒட்டினாள். வேறு கேமராவுக்கு இந்த எண்கள் பொருந்தாது. ஒவ்வொருவரும் தாமே அளந்துகொள்ள வேண்டும்.

கூர்மை பற்றியும் ஒரு கவலை இருந்தது. கேமராவின் தண்டவாளங்கள் 120 பிலிமின் ஓரத்தைத் தாங்குவதற்காக அமைந்தவை. 35 மி.மீ. பிலிம் அவற்றைத் தொடுவதே இல்லை. பின்னால் அழுத்தத் தகடு உண்டு, முன்னால் பிடிப்பு இல்லை. பிலிம் லென்ஸை நோக்கி இலேசாக வளைய இடமிருக்கிறது. எஃப்/3.5-இல் எடுத்த சோதனைப் படங்களில் ஓரங்கள் மங்கின. எஃப்/11-இல் மங்கலே தெரியவில்லை. அந்த அளவில் பிலிம் அரை மில்லிமீட்டர் முன்பின் போனாலும் பொறுக்கும். அட்டைத் துண்டுகளால் செயற்கைத் தண்டவாளம் வைக்கலாமா என்று பேசினோம். பிலிமில் கீறல் விழும் என்பதால் விட்டுவிட்டு, எஃப்/8-க்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். 400 வேகப் பிலிமுக்கு இந்த ஊர்ப் பகல் வெளிச்சத்தில் அது பெரிய கட்டுப்பாடு அல்ல.

இரண்டாம் சுருளில் 21 படங்கள். எல்லாம் தனித்தனியாக, திட்டு இல்லாமல், நேராக. பழைய புளோக்கின் மாடிப்படிகளை எடுத்திருந்தாள். இரும்புக் கம்பிகளும் ஓரத்துளைகளும் ஒன்றுக்கொன்று எதிரொலிப்பது போன்ற ஒரு படம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தச் சுருளையும் நான்தான் இருட்டுப் பையில் எடுத்தேன். தொழில்நுட்பம் தீர்ந்துவிட்டது என்று இருவருமே நம்பினோம்.

கடைசி நாள்

சாவி ஒப்படைக்கும் நாளன்று காலை, சாமான் ஏற்ற லாரி வந்திருந்தது. அவள் மூன்றாவது சுருளைப் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்திலிருந்து தொடங்கினாள்: கல்மேசைகள், கடிதப் பெட்டிகள், மின்தூக்கி, தாழ்வாரம், காலியான அறைகள், கடைசியாக வாசல். கீழிருந்து மேலே ஏறிப்போகும் வரிசை அது. வாசலில் கோலத்தின் அருகே தாத்தாவை உட்கார வைத்து நான்கு படம், கோலத்தை மட்டும் இரண்டு. இருபத்தொன்றாவது படத்தைத் தாத்தாவே எடுத்தார்: பேத்தி வாசற்படியில் நிற்கும் படம்.

அப்போது லாரிக்காரர் கீழிருந்து அழைத்தார். கேமராவைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் பேத்தி இறங்கிப் போனாள்.

தாத்தா சுருள் முடிந்தது என்று அறிந்திருந்தார். 120 சுருள் முடிந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார்: குமிழைத் தொடர்ந்து சுற்றினார். 120 சுருளில் கடைசித் தாள் உருளையை விட்டு வந்ததும் குமிழ் இலேசாகிவிடும். பிறகு கதவைத் திறந்து, சுருளை எடுத்து, நுனியில் உள்ள பசைத்தாளை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும். இங்கே பிலிமின் வால் கேசட்டின் தண்டோடு ஒட்டியிருப்பதால் குமிழ் இலேசாகவில்லை, இறுகியது. எங்கோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தார். பேத்தியின் பிலிம் கிழிந்துவிடக் கூடாதே என்று, சிக்கலை எடுத்துவிடக் கதவைத் திறந்தார். தாள் இல்லாமல் வெறும் பிலிம் தெரிந்தது. உடனே மூடிவிட்டார். இரண்டு மூன்று விநாடிதான் என்றார், தாழ்வாரத்தில், பட்டப்பகலில்.

பேத்தி மேலே வந்ததும் அவரே சொன்னார். அவள் எனக்குத் தொலைபேசினாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். “குமிழைத் தொடாதே, கதவை நாடாவால் ஒட்டு, கேமராவைத் துணியில் சுற்றி எடுத்து வா” என்றேன். பதற்றத்தில் பிலிமைத் திரும்பச் சுற்ற முயன்றால் சுருளின் இறுக்கம் தளர்ந்து, வெளிச்சம் படாத உட்சுற்றுகளும் கெடக்கூடும். அவள் தொடவில்லை. அன்று மாலை நான்கு மணிக்குச் சாவி ஒப்படைக்கப்பட்டது.

அன்று இரவு

கழுவுவதற்கு முன் இரண்டு கேள்விகள் இருந்தன. வெளிச்சம் பட்ட வெளிச்சுற்றுகளை வெட்டி விலக்கிவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் கழுவலாமா? இருட்டில் எல்லை தெரியாமல் வெட்டினால் நல்ல படத்தை வெட்டிவிடலாம். வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூட்டத்தை அடக்கும் பென்சோட்ரையசோல் சேர்க்கலாமா? காலாவதியான பிலிமில் தானாக ஏறும் மூட்டத்துக்கு அது உதவும். நேரடியாக வெளிச்சம் பட்ட இடத்தில் பதிவே ஆகிவிட்டது, அதை எந்த மருந்தும் திருப்பாது. எனவே வழக்கமான முறைதான்: ஐடி-11 டெவலப்பர், நீர் சேர்க்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம் குழாய்த் தண்ணீர் 28, 29 டிகிரியில் வரும் ஊரில் 20 டிகிரி என்பது சமையலறைத் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டு, அதில் மருந்துக் குடுவைகளை அரை மணி நேரம் நிறுத்தி வைத்துப் பெறுவது. குறைந்த நேரத்தில் சூடாகக் கழுவிவிடலாம் என்பவர்கள் உண்டு. ஒரே ஒரு வாய்ப்புள்ள சுருளில் நான் அதைச் செய்யமாட்டேன்.

பேத்தி சமையலறையிலேயே நின்றாள். பிலிமைத் தூக்கிப் பார்த்தபோது இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

முதல் எட்டுப் படங்கள் சுத்தமாக இருந்தன. ஓரத்தில் மட்டும் இலேசான கருமை. அடுத்த ஆறு படங்களில் ஓரத்துளைகள் வழியே வெளிச்சம் உட்சுற்றுக்குள் இறங்கி, துளை வடிவிலேயே கறுப்புப் புள்ளிகளைப் பதித்திருந்தது; ஆனால் நடுப்பகுதி படிக்கக்கூடியது. கடைசி ஏழும் முழுக்கக் கறுப்பு.

காரணம் எளிது. பிலிம் உருளையில் ஏறும்போது முதலில் எடுத்தது உள்ளே போகிறது, கடைசியில் எடுத்தது வெளியே நிற்கிறது. கதவு திறந்தால் வெளிச்சுற்றுகள் தம்மைப் பலிகொடுத்து உட்சுற்றுகளைக் காக்கின்றன. கல்மேசையும் கடிதப் பெட்டியும் பிழைத்தன. கோலமும், கோலத்தருகே தாத்தாவும், அவர் எடுத்த பேத்தியின் படமும் போயின.

தாத்தாவிடம் சொன்னது

“பிலிம் பழையது, கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா அண்ணா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறு காணமாட்டேன். அந்த வாரம் அவருக்கு ஏற்கெனவே கனத்த வாரம். ஆனால் நான் மறுத்தேன். பொய் சொன்னால் அவர் கதவைத் திறந்தது தவறில்லை என்று நம்பி, அடுத்த முறையும் திறப்பார். அத்துடன், பழி அவர்மேல் விழுவது போலத் தோன்றினாலும், தவறு எங்களுடையது. அவருடைய கேமராவின் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டு, வெளியே எதையும் மாற்றாமல் அவர் கையில் கொடுத்தவர்கள் நாங்கள்.

மறுநாள் புதிய வீட்டில், நெகட்டிவை அவர் முன் வைத்து நானே விளக்கினேன். ஒரு காலி கேசட்டைத் திறந்து, பிலிமின் வால் தண்டில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “இதை அன்றைக்கே காட்டியிருந்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேனே தம்பி” என்றார். எனக்குப் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

வாசல் கோலம் பேத்தியின் கைப்பேசியில் இருந்தது. அதை அச்சிட்டுப் புதிய வீட்டு வாசலுக்குள் மாட்டியிருக்கிறார்கள். தாத்தா அருகில் அமர்ந்த படம் எதிலும் இல்லை.

இப்போது மாற்றியிருப்பவை

திரும்ப எடுக்க முடியாத எதற்கும் 35 மி.மீ. பிலிமை இப்படிப் போடுவதில்லை. 120 போடுகிறோம், சதுரத்தை வெட்டிக்கொள்கிறோம். எனக்கு இதுதான் முதன்மையான மாற்றம். குழுவில் யாராவது தயங்கினால் இப்போது அழுத்தியே சொல்கிறேன்.

மாற்றுப் பிலிம் உள்ளே இருக்கும்போது கதவின் தாழ் மேல் சிவப்பு நாடா ஒட்டப்படும். நாடாவைக் கிழிக்காமல் கதவு திறக்காது. அதன்மேல் எழுதுவதைத் தாத்தாவிடமே விட்டோம். “இருட்டில் மட்டும் திற” என்று தம் கையெழுத்தில் எழுதினார். கேமராவைத் தொடும் ஒவ்வொருவரும், உரிமையாளர் முதலாவதாக, ஒருமுறை வெறும் பிலிமைக் கொண்டு கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டு எடுத்துப் பழக வேண்டும் என்று குழுவில் வைத்துக்கொண்டோம். நான் செய்து காட்டினால் போதாது, அவர்கள் கை செய்ய வேண்டும்.

எடுக்கும் வரிசையையும் திருப்பிவிட்டோம். முக்கியமானது முதலில்; அது உருளையின் நடுவில் போய் உட்காரும். இருட்டுப் பைக்குள் பிலிமைக் கேசட்டின் தண்டைத் திருகி உள்ளே சுற்றிவிட்டால், வெளியே வருவது சாதாரணக் கேசட். எவர் கைக்குப் போனாலும் ஆபத்தில்லை. கடையில் கழுவக் கொடுப்பவர்கள் ‘வெட்ட வேண்டாம்’ என்று உறையிலும் எழுதி, வாயாலும் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் 36 மி.மீ. படத்துக்கான கணக்கில் வெட்டினால் கத்தி 56 மி.மீ. படத்தின் நடுவில் விழும். கடை ஸ்கேனர்களின் சட்டம் ஓரத்துளைகளை மறைத்துவிடும். ஆகவே நாங்கள் நெகட்டிவை ஒளிப்பலகையில் கண்ணாடிக்கு அடியில் வைத்து டிஜிட்டல் கேமராவால் எடுத்துக்கொள்கிறோம்.

நான்காவது சுருள்

இரண்டு மாதம் கழித்து, புளோக்கைச் சுற்றித் தடுப்பு வேலி போடுவதற்கு முந்திய வாரம், மூவரும் அங்கே போனோம். மேலே ஏற அனுமதியில்லை. எதிர்ப்புற நடைபாதையிலிருந்து எடுத்தோம். முதல் படம், பத்தாவது மாடியில் வலப்புறம் மூன்றாவது சன்னல், தாத்தா எடுத்தார். உயர்ந்த ஒடுங்கிய சட்டத்தில் பன்னிரண்டு மாடியும் அடங்கியது. குமிழை அவரே சுற்றினார், உறைக்குள் உள்ள அட்டவணையைப் பார்த்து. இருபதாவது படத்துக்குப் பிறகு குமிழ் இறுகியதும் நிறுத்திவிட்டு, நாடாவைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “முடிந்தது, பையைக் கொண்டு வா” என்று பேத்தியிடம் சொன்னார்.

கீழ்த்தளக் கல்மேசைகளில் ஒன்று இன்னும் அங்கேயே இருந்தது. அதன்மேல் இருட்டுப் பையை வைத்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, தாத்தாவே கதவைத் திறந்து பிலிமைக் கேசட்டுக்குள் சுற்றினார். ஏறக்குறைய பத்து நிமிடம் ஆயிற்று. இருபது படங்களும் வந்தன.